மார்ஃபின், டிராமடால் போட்டா வாந்தியா? எந்த வாந்தி மாத்திரை யாருக்கு: கடையில அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லீங்க. கோத்தகிரியில மருந்துக்கடை கவுண்டர்ல பதினெட்டு வருஷமா நிக்கிற ஃபார்மசிஸ்ட், அது போக எங்கம்மாவுக்கு கேன்சர் வந்து ஏழு மாசம் மார்ஃபின் ஓடுனப்ப பக்கத்துலயே இருந்து பாத்தவன். வலி மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது நாளே "அண்ணா வாந்தி நிக்கல, வலி மாத்திரையை நிறுத்திடலாமா"ன்னு வந்து நிக்கிறவங்க ரொம்ப பேரு, அவங்க கேட்டதையும் நான் சொன்னதையும்தான் இங்க எழுதறேன். இதுல வர்ற டோஸ் எல்லாம் புரிஞ்சுக்கறதுக்குத்தான், சீட்டு எழுத வேண்டியது உங்க டாக்டர்.

வலி மாத்திரை போட்டா எதுக்கு வாந்தி வரணும்? அலர்ஜியா?

அலர்ஜி இல்லீங்க. மார்ஃபின், டிராமடால், டேப்பென்டடால், ஃபெண்டனில் பேட்ச், கோடீன் எல்லாம் ஒரே குடும்பம், ஓபியாய்டுன்னு சொல்லுவாங்க, இந்தக் குடும்பத்துக்கே இருக்கிற குணம் இது. புதுசா ஆரம்பிக்கிறவங்கள்ல சுமாரா மூணுல ஒருத்தருக்கு குமட்டல் வரும். அலர்ஜின்னா உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சு இழுப்புன்னு வரும், அது வேற கதை. வெறும் வாந்தியை அலர்ஜின்னு நினைச்சு ஆஸ்பத்திரி ஃபைல்ல "மார்ஃபின் அலர்ஜி"ன்னு எழுத வச்சுட்டா, பின்னாடி நெஜமா தேவைப்படறப்ப அந்த மருந்தையே குடுக்க மாட்டாங்க, அதனால அந்த வார்த்தையை மட்டும் பாத்து சொல்லுங்க.

வாந்தி மூணு வழியா வருது. மூளையோட அடியில ரத்தத்துல ஏதாவது விஷம் கலந்திருக்கான்னு மோப்பம் பிடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, ஓபியாய்டு நேரா அங்க போய் தட்டுது, டோபமின்ங்கற ரசாயனம் அங்க வேலை செய்யுது. ரெண்டாவது, காதுக்குள்ள பேலன்ஸ் பாக்குற பாகம் கூசிப்போயிடுது, தலையை திருப்புனாலே சுத்துற மாதிரி இருக்கும். மூணாவது வயிறு, குடல். எல்லாத்தையும் மெதுவாக்கிடும், சாப்பிட்டது கீழ இறங்காது, மலமும் போகாது. ஒவ்வொரு வழிக்கும் மருந்து வேற வேற, எல்லா வாந்தியும் ஒண்ணுதான்னு நினைக்கிறதுலதான் முக்காவாசி பேரு மாட்டிக்கறாங்க.

எத்தனை நாளைக்கு இருக்கும்?

பெரும்பாலும் அஞ்சுலருந்து பத்து நாள். உடம்பு பழகிக்கும். டோஸ் ஏத்துறப்ப திரும்ப ரெண்டு மூணு நாள் எட்டிப்பாக்கும். அந்த ஒரு வாரத்தை தள்ளிட்டா போதும்னு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா பாதி பேரு மாத்திரையை தூக்கி எறிய மாட்டாங்க. மலச்சிக்கல் அப்படி இல்ல, அது பழகவே பழகாது, வலி மாத்திரை ஓடற வரைக்கும் கூடவே வரும், அதைப் பத்தி கீழ தனியா சொல்றேன்.

சரி, எந்த வாந்தி மாத்திரை நல்லது? ஒண்ணு சொல்லுங்க.

ஒண்ணு சொல்ல முடியாதுங்க, இதுதான் விஷயமே. நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேப்பேன்: எப்போ குமட்டுது? கேலண்டர்லயோ மாத்திரை அட்டை பின்னாடியோ ரெண்டு நாள் நேரத்தை குறிச்சுட்டு வாங்க, வலி மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், வாந்தி வந்த நேரம், எவ்ளோ வந்துச்சு, வந்தப்புறம் நிம்மதியா இருந்துச்சா இல்லையா. அந்த துண்டு பேப்பரை டாக்டர்கிட்ட காட்டுங்க, அஞ்சு நிமிஷம் பேசறதை விட அது அதிகம் பேசும்.

நாள் பூரா சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் ஒரே குமட்டல், வாந்தி எடுத்தும் நிம்மதி இல்ல, சாப்பாட்டு வாசம் வந்தாலே திரும்பிக்கறாங்கன்னா அது மூளை வழி. அதுக்கு டோபமினை அடைக்கிற மருந்து, ஹாலோபெரிடால் ராத்திரி 0.5லருந்து 1.5 எம்ஜி வரைக்கும், இல்லாட்டி ஸ்டெமெட்டில்னு கடையில கேக்குற புரோகுளோர்பெரசின், அதுவும் இல்லாட்டி மெட்டோகுளோப்ரமைட்.

ரெண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு, ஏப்பம், விக்கல், திடீர்னு மொத்தமா கொட்டிட்டு அப்புறம் "அப்பாடா"ன்னு உக்காந்துடறாங்கன்னா அது வயித்து வழி. சாப்பாடு கீழ இறங்கல. அதுக்கு வயித்தை தள்ளிவிடற மருந்து, மெட்டோகுளோப்ரமைட் (கடையில பெரினார்ம்) இல்ல டாம்பெரிடோன் (டாம்ஸ்டால்), 10 எம்ஜி மூணு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி. சாப்பிட்டு முடிச்சு போட்டுட்டு வேலை செய்யலன்னு வந்து சண்டை போடறவங்க இருக்காங்க, அரை மணி முன்னாடிங்க, அதான் அதோட வேலையே.

படுத்திருந்தா ஒண்ணும் இல்ல, எழுந்து உக்காந்தா, பாத்ரூமுக்கு நடந்தா, வண்டியில ஏறினா சுத்திக்கிட்டு வருதுன்னா அது காது வழி. அதுக்கு அவோமின் மாதிரி ப்ரோமெத்தசின், மெக்லிசின், ஸ்டுஜெரான்னு வர்ற சின்னரிசின் இந்த வகை. இதுக்கு எவ்ளோ ஓண்டான்செட்ரான் குடுத்தாலும் பெருசா கேக்காது.

நெறைய பேருக்கு ரெண்டு வழியும் கலந்து இருக்கும், அப்ப எது தொந்தரவு அதிகமோ அதுலருந்து ஆரம்பிப்பாங்க.

எமிசெட் தானே எல்லாரும் குடுக்கறாங்க? அதையே வாங்கிக்கவா?

எமிசெட்னா ஓண்டான்செட்ரான், நல்ல மருந்துதான், கீமோதெரபி வாந்திக்கு ராஜா, ஆபரேஷனுக்கு அப்புறமும் நல்லா கேக்கும், குழந்தைகளுக்கும் பயமில்லாம எழுதறாங்க. ஆனா அதுக்கு ரெண்டு குறை. மலத்தை கட்டும், தலைவலி குடுக்கும். மார்ஃபினே மலத்தை கட்டுது, அது மேல இதுவும்னா?

நான் செஞ்ச தப்பையே சொல்றேன். அம்மாவுக்கு மார்ஃபின் ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே வாந்தி, நான்தான் எல்லாம் தெரிஞ்ச ஆளாச்சே, டாக்டருக்கு போன் கூட பண்ணாம கடையிலருந்து எமிசெட் எடுத்துட்டுப் போய் மூணு வேளை மூணு நாள் குடுத்தேன், முதல் நாள் நின்னுச்சு, நாலாவது நாள் முன்னைவிட மோசமா ஆரம்பிச்சுது, வயிறு கல்லு மாதிரி, அப்பதான் கேக்கறேன் "அம்மா கடைசியா எப்போ வெளிய போனீங்க"ன்னு, ஆறு நாளாச்சுன்னாங்க. மலம் இறங்கினதும் வாந்தி பாதியா கொறஞ்சுது. பதினெட்டு வருஷ அனுபவம் பக்கத்துல உக்காந்திருந்தும் அந்த ஒரு கேள்வியை கேக்கல.

அதனால ஓண்டான்செட்ரான் வேண்டாம்னு சொல்லல, மத்தது ஒத்துக்காதப்ப நல்ல ரெண்டாவது ஆயுதம், நாக்குல கரையற மாத்திரையா வர்றதால தண்ணி கூட இறங்காதவங்களுக்கு வசதி. கூடவே மலம் இளக்கற மருந்து ஓடணும், அவ்ளோதான்.

ஹாலோபெரிடால் மனநோய் மாத்திரைன்னு நெட்ல போட்டிருக்கே, எங்க மாமியாருக்கு எதுக்கு?

வாரத்துக்கு ஒருத்தராவது இந்த மாத்திரையை திருப்பிக் குடுக்க வருவாங்க. ஆமாங்க, மனநல டாக்டருங்க எழுதற மருந்துதான், ஆனா அவங்க எழுதற அளவு பல மடங்கு. வாந்திக்கு குடுக்கறது ஒரு சின்ன துணுக்கு, மூளையில அந்த மோப்ப இடத்துல டோபமினை மட்டும் அடக்கறதுக்கு. வலி நிவாரண டாக்டருங்க உலகம் பூரா வருஷக்கணக்கா இதை எழுதறாங்க, ராத்திரி ஒரு வேளை போதும், மலிவு, மெட்டோகுளோப்ரமைட் மாதிரி மூணு வேளை ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல. ஒலான்சபின் 2.5 இல்ல 5 எம்ஜி எழுதியிருந்தாலும் இதே கதைதான், அதுவும் மனநல மருந்து, வாந்திக்கு நல்லா கேக்குது, பசியும் தூக்கமும் குடுக்கும், ஒண்ணுமே சாப்பிடாம கெடக்கிற ஆளுக்கு அது வரம்னே சொல்லலாம். சக்கரை இருந்தா ஒலான்சபின் போடறப்ப சக்கரையை அடிக்கடி பாத்துக்கோங்க.

பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்கன்னு ஒரு அக்கா அட்டையை பிச்சுட்டு வெறும் மாத்திரையை கவர்ல போட்டுக் கேட்டாங்க. அது மட்டும் வேண்டாம், பேர் தெரியாத மாத்திரை வீட்ல கெடக்கறதுதான் நெஜ ஆபத்து.

பெரினார்ம், டாம்ஸ்டால், ரெண்டும் ஒண்ணுதானே?

வயித்தை தள்றதுல ரெண்டும் ஒண்ணு. ஆனா மெட்டோகுளோப்ரமைட் மூளைக்குள்ளயும் போகும், டாம்பெரிடோன் பெரும்பாலும் போகாது. அதனால பார்கின்சன் நோய் இருக்கிறவங்களுக்கு மெட்டோகுளோப்ரமைட், ஹாலோபெரிடால், ஸ்டெமெட்டில் மூணும் கூடாது, நடுக்கத்தையும் விறைப்பையும் அதிகமாக்கிடும், அவங்களுக்கு டாம்பெரிடோன்தான் பரவால்ல. டாம்பெரிடோனுக்கு ஹார்ட் பக்கம் ஒரு சிக்கல் இருக்கு, இதயத் துடிப்போட தாளத்தை கெடுக்கலாம், அதுவும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல் மாதிரி மருந்தோட சேந்தா. ஐரோப்பாவுல 2013ல மெட்டோகுளோப்ரமைட்டை அஞ்சு நாளைக்கு மேல வேண்டாம்னும் 2014ல டாம்பெரிடோனை ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம்னும் கட்டுப்பாடு போட்டாங்க. கேன்சர் மாதிரி நோயில டாக்டர் பாத்துக்கிட்டே அதுக்கு மேலயும் குடுக்கறது உண்டு, ஆனா நாமளா மாசக்கணக்குல வாங்கிப் போட்டுக்கற மருந்து இல்ல இது. "கேஸ் மாத்திரை"ன்னு நீங்க வெறும் வயித்துல போடற கேப்சூல்ல பலதுலயும் டாம்பெரிடோன் கலந்திருக்கும், அட்டையை திருப்பிப் பாருங்க, ரெண்டு பக்கமிருந்தும் ஒரே மருந்து போயிட்டிருக்கும்.

பெரினார்ம் ஊசி போட்டதும் பொண்ணுக்கு கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கிச்சு, கண்ணு மேல சொருகிடுச்சு. பேய் புடிச்சிருக்குன்னு சொல்றாங்க.

பேயும் இல்ல பிசாசும் இல்ல. டோபமின் அடைக்கிற மருந்துக்கு வர்ற பக்கவிளைவு, சின்ன வயசுக்காரங்களுக்கு, குறிப்பா பொண்ணுங்களுக்கு ஜாஸ்தி வரும். பாக்க பயங்கரமா இருக்கும், ஆனா ஆஸ்பத்திரி போனா ஃபெனர்கான் மாதிரி ஒரு ஊசியில கொஞ்ச நேரத்துல சரியாயிடும். மந்திரிக்க கூட்டிட்டுப் போய் நேரத்தை வீணாக்காதீங்க. எந்த மருந்துக்கு வந்துச்சுன்னு பேரை எழுதி வச்சுக்கோங்க, அடுத்த தடவை எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதைச் சொல்லணும். வயசானவங்களுக்கு இது வேற ரூபத்துல வரும், உக்காந்த இடத்துல உக்கார முடியாம காலை ஆட்டிக்கிட்டே நடந்துக்கிட்டே இருப்பாங்க, வீட்ல "வலியில தவிக்கிறாரு"ன்னு நினைச்சு இன்னும் ஒரு மாத்திரை குடுத்துடுவோம்.

கோயம்புத்தூருக்கு செக்கப் போகணும், கீழ இறங்கறதுக்குள்ள உயிர் போயிடுது. என்ன பண்றது?

மலையில இருக்கிற நமக்குன்னே எழுதுன கேள்வி இது. குன்னூர்லருந்து மேட்டுப்பாளையம் இறங்கற ரோட்ல 14 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டி பக்கம் போனா 36, நல்லா இருக்கிற ஆளே ஜன்னலை திறந்து தலையை நீட்டுவான். மார்ஃபின் போட்டவங்களுக்கு காதுக்குள்ள அந்த பேலன்ஸ் பாகம் ஏற்கனவே கூசிக்கிட்டு இருக்கு, அதுல வளைவும் சேந்தா? வீட்ல நல்லா இருந்தவரு ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கறப்ப தொவண்டு போய் இறங்குவாரு, டாக்டரும் அந்த ஒரு நாளை பாத்துட்டு "மார்ஃபின் ஒத்துக்கல போல"ன்னு மாத்தி எழுதிடுவாரு. அதனால டாக்டர்கிட்ட தெளிவா சொல்லுங்க, வீட்ல எப்படி, வண்டியில எப்படின்னு.

கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அவோமின் மாதிரி மாத்திரை போட்டா கேக்கும், வண்டி பாதி மலை இறங்கினப்புறம் போட்டா வயித்துலருந்து வெளிய வர்றதோட சரி. ஒரே ஒரு எச்சரிக்கை, ப்ரோமெத்தசின் தூக்கத்தை அள்ளும், மார்ஃபினும் தூக்கம், ரெண்டும் சேந்தா ரொம்ப அசத்திடும், வயசானவங்களுக்கு குழப்பமும் யூரின் அடைப்பும் வரலாம், அதனால முதல் தடவை டாக்டரைக் கேட்டு வீட்ல இருக்கிற நாள்ல போட்டுப் பாருங்க, பயண நாள்ல சோதனை வேண்டாம். மத்தபடி முன் சீட்டு, தலையை சீட்ல சாய்ச்சு ஆடாம வச்சுக்கறது, போன் பாக்காம ரோட்டை பாக்கறது, வெறும் வயிறும் வேண்டாம் முழு வயிறும் வேண்டாம். குன்னூர் ரோட்டை விட கோத்தகிரி ரோட்ல வளைவு கம்மின்னு எங்க ஊர்க்காரங்க பெருமையா சொல்லுவோம், அம்மாவுக்கு அது நெஜமாவே வித்தியாசம் தெரிஞ்சுது.

ஒண்ணு கேக்கலன்னா ரெண்டு மூணு வாந்தி மாத்திரை சேத்துப் போடலாமா?

சேக்கலாம், ஆனா எதோட எதுன்னு இருக்கு. ஹாலோபெரிடாலும் மெட்டோகுளோப்ரமைட்டும் ஒரே பூட்டுக்கு ரெண்டு சாவி, சேத்தா பலன் பெருசா கூடாது, விறைப்பும் நடுக்கமும்தான் கூடும். மெட்டோகுளோப்ரமைட் வயித்தை முன்னாடி தள்ளுது, ப்ரோமெத்தசின் வகை அதை பிடிச்சு நிறுத்துது, ஒரு வண்டியில ஆக்சிலேட்டரும் பிரேக்கும் ஒண்ணா மிதிக்கிற கதை. ஹாலோபெரிடால், ஓண்டான்செட்ரான், டாம்பெரிடோன் மூணுமே இதயத் தாளத்தை பாதிக்கக் கூடியது, வாந்தியில பொட்டாசியம் வேற கொறஞ்சிருக்கும், அதனால ஹார்ட் பிரச்சனை இருக்கிறவங்களுக்கு சேத்து எழுதறதுக்கு முன்னாடி டாக்டர் ஒரு ஈசிஜி கேப்பாரு, காசு புடுங்கறாங்கன்னு நினைக்காதீங்க. வேற வேற வழியை அடைக்கிற ரெண்டு மருந்தை சேக்கறதுல அர்த்தம் இருக்கு. நாலு டாக்டர் நாலு வாந்தி மாத்திரை எழுதி நாலும் ஒரே பையில இருக்கிறதை மாசத்துக்கு ரெண்டு தடவையாவது பாக்கறேன்.

தேயிலைத் தோட்டத்துல வழுக்கி விழுந்து இடுப்பு ஆபரேஷன், டிராமடால் குடுத்திருக்காங்க. ஒரே வாந்தி.

டிராமடால் இந்த விஷயத்துல கொஞ்சம் மோசமான ஆளு. 50 எம்ஜியில மெதுவா ஆரம்பிச்சு சாப்பாட்டோட குடுத்தா கொறையும், எடுத்ததுமே பெரிய டோஸ்னா வாந்தி வர வாய்ப்பு ஜாஸ்தி. இதுல ஓண்டான்செட்ரான் சேத்தா இன்னொரு சிக்கல் இருக்கு, டிராமடால் வலியை அடக்கறதுல ஒரு பங்கு செரடோனின்ங்கற மூளை ரசாயனம் வழியா, ஓண்டான்செட்ரான் அந்த செரடோனினைத்தான் தடுக்குது, அதனால வாந்தி நிக்கும் வலி கூடும், அப்புறம் "மாத்திரை வேலை செய்யல"ன்னு இன்னொண்ணு போடுவாங்க. ஏற்கனவே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறவங்கன்னா டிராமடால் எழுதறப்பவே சொல்லிடுங்க, ரெண்டும் சேந்து உடம்பு நடுக்கம், வேர்வை, காய்ச்சல், பதட்டம்னு வந்தா அது அவசரம். எலும்பு சம்பந்தப்பட்ட வலிக்கு கொஞ்ச நாள்தான் தேவைப்படும், பாராசிட்டமால் முழு அளவு ஒழுங்கா போட்டாலே டிராமடாலை கொறைக்க முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க, பல பேருக்கு முடியும்.

மலச்சிக்கலுக்கும் வாந்திக்கும் என்ன சம்பந்தம்?

கீழ் வாசல் அடைச்சா மேல் வாசல் வழியா வரும், அவ்ளோதான். ஓபியாய்டு ஆரம்பிக்கிற அன்னைக்கே மலம் போற மருந்தும் ஆரம்பிக்கணும், அடைச்சப்புறம் இல்ல. குடலை நகத்தற வகை ஒண்ணு வேணும், பிசாகோடில் (டல்கோலாக்ஸ்) இல்ல சென்னா மாதிரி, கூட இளக்கற வகை லாக்டுலோஸ் இல்ல பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர். இசப்கோல் மட்டும் வேண்டாம்னு நான் சொல்லுவேன், அது நெறைய தண்ணி குடிக்கிறவங்களுக்கானது, நம்ம ஊர் குளிர்ல படுத்த படுக்கையா இருக்கிறவங்க நாளைக்கு மூணு டம்ளர் தண்ணி குடிச்சா அதிகம், அப்ப அது உள்ளயே களி மாதிரி கெட்டியாகி இன்னும் அடைக்கும். மூணு நாள் போகலன்னாலே போன் பண்ணுங்க. வாயு கூட பிரியாம வயிறு உப்பி முறுக்கி முறுக்கி வலிக்குதுன்னா அது குடல் அடைப்பா இருக்கலாம், அப்ப பெரினார்மும் குடுக்கக் கூடாது பேதி மாத்திரையும் குடுக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரி.

ஃபெண்டனில் பேட்ச் ஒட்டியிருக்கு, ராத்திரி ஆனா வாந்தியும் மயக்கமும். பகல்ல ஒண்ணும் இல்ல.

ராத்திரி ஹாட் வாட்டர் பேக் வைக்கிறீங்களா? நான் கேக்கற முதல் கேள்வி அதுதான். 72 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா மருந்து விடற பேட்ச் அது, சூடு பட்டா மடமடன்னு உள்ள இறங்கிடும். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் டிசம்பர் குளிர்ல பேட்ச் மேலயே சுடுதண்ணி பையை வச்சு, மேல கம்பளி, பக்கத்துல ஹீட்டர்னு வைப்போம், பாசத்துலதான், ஆனா அது ஓவர்டோஸ் ஆகி மூச்சே நின்னு போற அளவுக்கு போகலாம். காலை சூடு பண்ணுங்க, பேட்ச் இருக்கிற பக்கம் வேண்டாம். கடும் காய்ச்சல்லயும் இதே ஆபத்து.

சூடுன்னதும் இன்னொண்ணும் சொல்லணும். கதவு ஜன்னல் சாத்திட்டு சட்டியில கரி போட்டு கணப்பு வைக்கிற பழக்கம் இன்னும் போகல. அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடு வரும், வாசம் தெரியாது, முதல்ல தலைவலியும் வாந்தியும்தான் வரும். நோயாளிக்கு மட்டும் இல்லாம கூட படுத்தவங்களுக்கும் காலையில தலைவலி, குமட்டல்னா மருந்தை திட்டாதீங்க, எல்லாரும் உடனே வெளிய வாங்க, 108க்கு போன் பண்ணுங்க. தூங்கறப்ப ரூமுக்குள்ள கரி வேண்டவே வேண்டாம்.

மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்துட்டாரு. திரும்ப குடுக்கவா?

மாத்திரை முழுசா வெளிய வந்ததை கண்ணால பாத்தீங்கன்னா டாக்டரைக் கேட்டு திரும்ப குடுக்கலாம். பாக்கலன்னா ஓபியாய்டை நீங்களா ரெண்டாவது தடவை குடுக்காதீங்க, உள்ள எவ்ளோ போச்சுன்னு தெரியாது. அடிக்கடி இப்படி ஆச்சுன்னா வழியை மாத்த சொல்லுங்க, பேட்ச் இருக்கு, தோலுக்கு அடியில போடற ஊசி இருக்கு.

இஞ்சி, எலுமிச்சை, நீலகிரி தைலம், இதெல்லாம்?

இஞ்சி டீ குடிச்சா நல்லாருக்குன்னா குடிங்க, மருந்துக்கு பதிலா நம்பாதீங்க. தைலம் மோந்து பாத்தா சிலருக்கு நல்லாருக்கும், சிலருக்கு அதுவே குமட்டும், எங்கம்மாவுக்கு அந்த பாட்டிலை திறந்தாலே ஆகாது, யூகலிப்டஸ் மரத்து அடியில பொறந்து வளந்தவங்க, என்ன சொல்றது. ஆனா தைலத்தை ஒரு சொட்டு கூட உள்ளுக்கு குடுக்காதீங்க, வலிப்பு வர்ற அளவுக்கு விஷம், குழந்தை கைக்கு எட்டற இடத்துலயும் வேண்டாம். ஊசி போடறதுக்கு முன்னாடி தேய்க்கிற ஸ்பிரிட் பஞ்சை மோந்து பாத்தா குமட்டல் சட்டுனு கொறையுதுன்னு அவசரப் பிரிவுல செஞ்ச ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, கொஞ்ச நேரத்துக்குத்தான், ஆனா வண்டியில போறப்ப ஒரு துண்டு கவர்ல வச்சுக்கறதுல செலவு ஒண்ணும் இல்ல.

சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா, ஆறினதா. சுடச்சுட குழம்பு வாசம்தான் எதிரி. எங்க ஊர் பிஸ்கட் வர்க்கி குடுக்கலாமான்னு கேக்காத ஆளே இல்ல, அதுல டால்டா ஜாஸ்திங்க, குமட்டறப்ப ரஸ்க் பரவால்ல, வர்க்கி குணமானப்புறம்.

கிட்னி வீக்கா இருக்கு. மார்ஃபின் போடலாமா?

கிட்னி சரியா வேலை செய்யலன்னா மார்ஃபினோட கழிவு உடம்புலயே தங்கும், வாந்தி, மயக்கம், கை கால் திடீர் திடீர்னு வெட்டி வெட்டி இழுக்கிறது எல்லாம் அதோட அறிகுறி. இதுக்கு வாந்தி மாத்திரையை ஏத்திக்கிட்டே போறது தப்பு, வலி மருந்தைத்தான் கொறைக்கணும் இல்ல ஃபெண்டனில் மாதிரி வேற ஓபியாய்டுக்கு மாத்தணும். ரெண்டு வாரமா நல்லா இருந்தவருக்கு திடீர்னு வாந்தி ஆரம்பிச்சாலும் அப்படித்தான், ஓபியாய்டை மட்டும் சந்தேகப்படாம கிட்னி, ரத்தத்துல கால்சியம், இன்ஃபெக்‌ஷன், கேன்சர் மூளைக்கு பரவினது, டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையால வந்த வயித்துப் புண்ணுன்னு தேடச் சொல்லுங்க.

எதைப் பாத்தா உடனே ஓடணும்?

எழுப்பினா எழ மாட்டேங்கறாரு, மூச்சு நிமிஷத்துக்கு பத்துக்கும் கீழ, கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. வாந்தியில ரத்தம் இல்ல காப்பித்தூள் மாதிரி. காலையில எழுந்ததும் கடுமையான தலைவலியோட பீச்சி அடிக்கிற வாந்தி. தண்ணி கூட ஒரு நாள் பூரா தங்கல, யூரின் போகல. இதுல எதுவா இருந்தாலும் 108, விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

மார்ஃபின் எங்க கடையில கேட்டாலும் இல்லைங்கறாங்களே?

எல்லா மருந்துக்கடையிலயும் இருக்காது, அனுமதி வாங்குன ஆஸ்பத்திரி, வலி நிவாரண மையத்துலதான் கிடைக்கும். 1985 போதைப்பொருள் சட்டத்தை 2014ல திருத்தி கொஞ்சம் லேசாக்கினாங்க, இருந்தாலும் மலை மேல கிடைக்கிற இடம் கம்மிதான். கூடலூர், பந்தலூர் பக்கத்துக்காரங்க நெறைய பேரு கேரளா பக்கம் போய் வாங்கிக்கறாங்க, அங்க 1993ல கோழிக்கோட்ல ஆரம்பிச்ச வலி நிவாரண சேவை ஊர் ஊரா பரவியிருக்கு. நம்ம பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்கற நர்ஸ் இருக்காங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுத்து வைங்க. அக்டோபர், நவம்பர் மழையில மண்சரிஞ்சு ரோடு எப்போ அடைக்கும்னு சொல்ல முடியாது, 2009 நவம்பர் மண்சரிவை மறந்தவங்க யாரும் இங்க இல்ல, அதனால டாக்டர்கிட்ட சொல்லி வலி மருந்து, வாந்தி மருந்து, மல மருந்து மூணையும் ரெண்டு வாரத்துக்கு முன்கூட்டியே கையில வச்சுக்கோங்க. பூட்டி வைங்க.

வலி மாத்திரை ஆரம்பிக்கிறப்பவே வாந்தி மாத்திரையும் ஆரம்பிச்சுடலாமா? எப்போ நிறுத்தறது?

எல்லாருக்கும் முன்கூட்டியே குடுத்தா தடுக்கும்னு உறுதியான ஆதாரம் இல்ல. ஆனா பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிறவங்க, முன்னாடி டிராமடாலுக்கு வாந்தி எடுத்தவங்க, மலை மேல தனியா இருக்கிறவங்க, இவங்களுக்கு முதல் வாரம் சேத்தே குடுக்கறது நல்லதுன்னு நான் நினைக்கிறேன். மத்தவங்க சீட்டை எழுதி வாங்கி மாத்திரையை கையில வச்சிருந்தா போதும். வாந்தி வர ஆரம்பிச்சாச்சுன்னா வந்தப்ப மட்டும் போடாம ரெண்டு மூணு நாள் வேளை தவறாம குடுங்க.

பத்து நாள் கழிச்சு நல்லா இருக்காருன்னா டாக்டரைக் கேட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க, வரலன்னா நிறுத்திடலாம். அம்மாவுக்கு கடைசியில டாக்டர் எழுதுனது ராத்திரி ஹாலோபெரிடால் அரை எம்ஜி, காலையில மலத்துக்கு ஒண்ணு. பதினோராவது நாள் ஹாலோபெரிடாலை நிறுத்தினோம், பன்னண்டாவது நாள் சாயங்காலம் "களி கிண்டேன்டா, அவரைக்கொட்டை குழம்பு இருக்கா"ன்னாங்க. மார்ஃபினை அதுக்கப்புறம் ஆறு மாசம் நிறுத்தவே இல்ல.